வாய்க்கால் ஓரத்துத் துண்டு

கல்முனை
11.06.2024

சேசு மரி சூசை

தம்பி சவேரிமுத்துவுக்கு,

உறையின் மேல் உன் ஞானஸ்நானப் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். பாஸ்டர் சாமுவேல் என்று எனக்குத் தம்பி எவரும் இல்லை. வத்தளைத் தபால்காரர் உன் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார். ஒரு தபாலதிபரோடு நாற்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்த நம்பிக்கை உண்டு.

போன் இருக்கக் கடிதம் ஏன் என்று கேட்பாய். போனில் உன்னை மடக்கினால் உடனே ஜெபம் பண்ணத் தொடங்கிவிடுகிறாய். நான் ஆமென் சொல்லும்வரை நிறுத்துவதில்லை. கடிதத்தில் அது முடியாது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். மருமகள் நிலாந்தினி போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமி, மாமாட சாட்சி ஒண்டு வந்திரிக்கு, பாருங்களன்" என்றாள். பார்த்தேன். மண்டபம் நிறையச் சனம், உன் பின்னால் கீபோர்ட், உன் கையில் மைக். இருபத்தொரு வயதில் உன் ஊரில், சிலுவையில் கைவைத்து, ஒரு முஸ்லிம் விவசாயியின் வயல் துண்டுக்காகப் பொய்ச் சத்தியம் செய்தாயாம். கர்த்தர் அந்தப் பாவத்தைக் கடலின் ஆழத்தில் எறிந்துவிட்டாராம். சனம் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் அழுதாள். நீ நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய்.

இன்னொரு தடவை போடச் சொன்னேன். பிறகு நிறுத்தச் சொன்னேன்.

சவேரி, அந்தத் துண்டு என் சீதன வயலில் இருக்கிறது. சொறிக்கல்முனையில், வாய்க்கால் ஓரத்தில். 1970 இல், அப்பா இறந்து ஆண்டுத்திவசம்கூட முடியவில்லை. என் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். சம்மாந்துறை பக்கீர் முகைதீன், அது தன் வாப்பாவின் துண்டு, நாங்கள் வரம்பைத் தள்ளிவிட்டோம் என்று சண்டைக்கு வந்தார். கடைசியில் அவரே, "உங்கட சிலுவையில கைய வெச்சிச் செல்லட்டும், நான் மறுகாக் கேக்கமாட்டன்" என்றார். நீ கோயில் முற்றத்துச் சிலுவையில் கைவைத்து, துண்டு எங்களுடையது என்று சொன்னாய். அவர் திரும்பிப் போனார். அதன் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் உன்னை நம்பினேன். ஐம்பத்துநாலு வருடம், பிறர் நிலத்துக்கு ஆசைப்பட்டவர் என்று அந்த மனிதரின் முகம் பார்த்துச் சிரித்ததில்லை.

ஒரே கேள்வி. மண்டபத்துக்குச் சொல்லுமுன் முகைதீனுக்குச் சொன்னாயா?

அக்கா
செலஸ்ரீனா நல்லரெத்தினம்


வத்தளை
24.06.2024

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். நீங்கள் என் சாட்சியைப் பார்த்ததே பெரிய காரியம். இதற்காக எத்தனை வருடம் ஜெபித்தேன்.

உங்கள் கேள்விக்குப் பதில்: இல்லை. சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. நான் பாவம் செய்தது தேவனுக்கு விரோதமாக. 1993 இல் கொட்டாஞ்சேனையில் ஓர் உபவாசக் கூட்டத்தில் தரையில் விழுந்து அழுதேன். அந்தத் துண்டையும் சொல்லித்தான் அழுதேன். எழும்பும்போது நான் புது மனிதன். பழைய சவேரிமுத்து அங்கேயே செத்துவிட்டான். அதனால்தான் பெயரை மாற்றினேன். உங்களைக் கோபப்படுத்த அல்ல.

அக்கா, உங்களைக் கன்னியர் மடத்துப் பள்ளியில் வேறு விதமாகப் பழக்கிவிட்டார்கள். ஒரு கூட்டுக்குள் முழந்தாளிட்டு ஒரு மனிதனின் காதில் சொல்வது, அவர் சொன்ன மந்திரத்தைச் சொல்லித் தீர்ப்பது. நான் நேரே தேவனிடம் போனேன். அவர் மன்னித்துவிட்டார், மறந்தும்விட்டார். தேவனே மறந்ததை நீங்கள் ஏன் தோண்டுகிறீர்கள்? முகைதீன் காக்காவும் மறந்திருப்பார். அவருக்கும் வயது எண்பதாகியிருக்கும். நிம்மதியாக இருக்கட்டும்.

உங்கள் முழங்காலுக்காக ஜெபிக்கிறேன்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்
சாமுவேல்


கல்முனை
03.07.2024

சேசு மரி சூசை

சவேரி,

பழைய சவேரிமுத்து செத்தது எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. தெரிந்திருந்தால் பூசை ஒப்புக்கொடுத்திருப்பேன்.

கர்த்தர் கடலில் போட்டது உன் பாவத்தை. வயல் இன்னும் சொறிக்கல்முனையில்தான் கிடக்கிறது.

மடத்தைப் பற்றி எழுதினாய். ஆம், பழக்கினார்கள். ஆத்துமசோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவசங்கீர்த்தனம், அபராதம். ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக. மூன்றாம் வகுப்பில் ஒருத்தியின் பென்சிலை நான் எடுத்துவிட்டு, அழுதுகொண்டே மதர் அகுஸ்தீனாவிடம் போனேன். அவர் என் கண்ணீரைப் பார்க்கவில்லை. "பென்சில் அவள் பெட்டிக்குள் போனபிறகு வா" என்றார். அந்த வயதில் கொடுமையாக இருந்தது. இப்போது, அதைவிடத் தெளிவாக எந்தக் குருவும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்று நினைக்கிறேன்.

நீ போகாததால் நான் போனேன். நிலாந்தினியும் வந்தாள். முகைதீன் காக்கா முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தார். கால் இயங்குவதில்லை, காதும் மந்தம். நான் விஷயத்தைச் சொன்னேன். கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். என் தம்பி பொய் சொன்னான் என்பதை ஒருமுறை சொல்வது வேறு, தெருவுக்குக் கேட்க இரண்டாம் முறை சொல்வது வேறு.

அவர் ஆச்சரியப்படவில்லை.

"இப்ப அதுக்கென்ன தங்கச்சி?"

"உங்கட துண்ட எடுங்க காக்கா. நான் எழுதித் தாறன்."

"ஏலா" என்று மறுத்தார்.

பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "என்ட வாப்பா வெச்ச கல்லு எங்க இருந்தெண்டு எனக்குத் தெரியாதா? உங்கட தம்பி கைய வெச்ச நேரமே எனக்குத் தெரியும். ஆனா நானும் சனத்துக்கு முன்னால ஒரு வார்த்த செல்லிட்டன், அவன் சத்தியம் பண்ணினா கேக்கமாட்டன் எண்டு. அவன்ட வாக்குப் பொய். என்ட வாக்குப் பொய்யில்ல. அவன் வந்து அதே இடத்தில அவன்ட வாக்க எடுக்கட்டும். அப்ப நானும் என்டத எடுப்பன்."

அவருடைய மகள் பஸ்மினா தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றவள், "வாப்பா, அவங்களா வந்து தாறத்த வாங்குங்களன். தண்ணிக்கு நாங்க படுற பாடு தெரியாதா?" என்றாள்.

"நீ சும்மா இரி மகள்" என்றார்.

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வாய்க்கால் ஓரம் எங்களிடம் இருப்பதால் முதல் தண்ணீர் எங்களுக்கு. எங்கள் வயல் நிறைந்து வழிந்த பிறகே அவர்களுக்கு. ஒவ்வொரு போகமும் அவர் வரம்பில் வந்து நின்று, "நல்லரெத்தினம், கொஞ்சம் தொறந்து விடுங்களன்" என்று உன் அத்தானிடம் கேட்டது என் காதில் இருக்கிறது. தன் வாப்பாவின் வாய்க்காலில், தன் தண்ணீரை.

சிறுபோக நெல்வெட்டு முடிந்ததும், பக்கத்திலுள்ள தங்கள் வயலைப் பஸ்மினாவுக்கு எழுதப் போகிறார்கள். நில அளவையாளர் வந்து கல் போடுவார். அதன் பிறகு உன் பொய் அரசாங்கப் படத்தில் ஏறிவிடும். பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் அதுவே உண்மை.

செப்டெம்பர் பதினாலு சிலுவைத் திருநாள். வா.

அக்கா


வத்தளை
15.07.2024

அக்கா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். கோபம் வந்தது. ஊழியக்காரனுக்குக் கோபம் ஆகாது என்பதால் நாலு நாள் கழித்து எழுதுகிறேன். இப்போதும் போகவில்லை.

நான் கைவைத்தது ஒரு மரக்கட்டையில். அதில் தேவனும் இல்லை, சத்தியமும் இல்லை. இல்லாத ஒன்றை வைத்துப் பண்ணிய சத்தியத்தை எடுக்கப் போய் அதன் முன் மறுபடி நின்றால், அதுதான் பாவம். விக்கிரகத்தை விட்டு வெளியே வாருங்கள் என்று முப்பது வருடமாகப் பிரசங்கிக்கிறேன். இளம் பிள்ளைகள் என் சொல்லைக் கேட்டு, பெற்றாரோடு பகைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

நிலத்தை நீங்கள் கொடுக்கலாம். நான் தடுக்கவில்லை. ஆனால் உங்களுக்கு வேண்டியது நிலம் முகைதீனுக்குப் போவது அல்ல. நான் முழந்தாளிடுவதுதான் வேண்டும். சின்ன வயதில் என் கொப்பியில் சிவப்பு மையால் திருத்தினீர்கள், இன்றும் பேனையைக் கீழே வைக்கவில்லை. அதற்குப் பெயர் மனஸ்தாபம் அல்ல, அகங்காரம்.

இன்னொன்றும் சொல்கிறேன். சொல்லக்கூடாது என்று இருந்தேன்.

அத்தானின் வீட்டார், வயல் வாய்க்கால் வரை இல்லாவிட்டால் சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள். அதற்கு முன்பே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. நீங்கள் மடத்தில் இங்கிலிஷ் படித்த, நெட்டையான, சிரிக்காத பெண். பெண்பார்க்க வந்தவர்களின் தமிழைத் திருத்தியவர். அம்மா அடுப்படியில் இருந்து அழுதா. "தம்பி, எதாவது செய்டா" எண்டா. வீட்டில் வேறு ஆம்பிளை இல்லை. கல்லைப் பிடுங்கித் தள்ளி நட்டேன். முகைதீன் கேட்டபோது கைவைத்தேன்.

அந்தத் துண்டில் விளைந்ததை நான் ஒரு பிடி தின்னவில்லை. எல்லாம் உங்களுக்காகத்தான்.

சாமுவேல்


கல்முனை
06.08.2024

சவேரி,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. அடுத்த நாளும் எழுதவில்லை.

கண்ணை மூடிய உன் அத்தானுக்கு இது தெரிந்திருந்ததா என்று உன்னிடம் கேட்க இருந்தேன். கேட்கவில்லை. நீயாகவும் சொல்லாதே.

வாய்க்கால் தண்ணீருக்காக வந்தாரென்றால் வந்தார். கடல் பொங்கி வந்த அன்று சனம் எல்லாம் மேற்கே ஓட, அவர் என்னை முன்னால் விட்டு, இந்த முழங்காலை ஒவ்வொரு படியாகத் தூக்கி வைத்து, பக்கத்து வீட்டு மாடிக்கு ஏற்றினார். நான் ஏறி முடியும்வரை அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். ஒரு துண்டு வயலுக்காக எவனும் அப்படி நிற்பதில்லை. எதற்காக வந்தார் என்பது அவருடைய வீட்டாரின் விஷயம். எதற்காக நின்றார் என்பது எனக்குத் தெரியும். அதை உன் பொய் தரவில்லை; எடுக்கவும் முடியாது.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன்.

எனக்காகச் செய்தாய் என்கிறாய். உன் பாவத்தைக் கலியாணப் பரிசாக என் கையில் தராதே. நான் கேட்கவில்லை. நீ என்னைக் கேட்டிருந்தால் கலியாணம் இல்லாமலே இருந்திருப்பேன், மடத்தில் ஒரு கட்டில் எனக்கும் இருந்திருக்கும். நீ தின்னவில்லை, நான் தின்றேன். உண்மை. அதனால்தான் பாதரிடம் போனேன். அவர் சின்னப் பிள்ளை. "அம்மா, உங்களுக்குத் தெரியாமல் நடந்தது, அது உங்கள் பாவம் ஆகாது" என்றார். தெரியாதவரை ஆகாது பாதர், தெரிந்த பிறகு ஒரு போகம் விதைத்தாலும் அது என் களவுதான் என்றேன். அவரும் சரிதான் என்றார்.

அகங்காரம் என்றாய். அதுவும் சரி. அதே பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சொன்னேன். ஐந்து பரலோக மந்திரம் அபராதம் தந்தார். கோயிலை விட்டு இறங்குமுன்பே சொல்லி முடித்துவிட்டேன். அந்த விஷயம் தீர்ந்தது. நீ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் இனி எழுத வேண்டாம்.

மரக்கட்டை என்றாய். இருக்கட்டும். அந்தக் கட்டையை முகைதீன் வணங்குகிறவர் அல்ல. அவருடைய மார்க்கத்தில் அதற்கு இடமே இல்லை. ஆனாலும் நமக்கு அது பெரியது என்பதால், அதன்மேல் வைத்த வார்த்தையை ஐம்பத்துநாலு வருடம் மதித்தார். கிறிஸ்தவன் நீ ஒரு நாள்கூட மதிக்கவில்லை. இதை உன் சாட்சியில் சேர்த்துக்கொள். கைதட்டுகிறார்களா பார்ப்போம்.

அக்கா


வத்தளை
13.08.2024

அன்புள்ள அக்கா,

அத்தானைப் பற்றி எழுதியிருக்கக்கூடாது. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். இதை யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

ஒரு வழி சொல்கிறேன். நீர்கொழும்பில் எனக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணி இருக்கிறார். நடந்ததை முழுக்கச் சத்தியக்கடதாசியாக எழுதி, கையொப்பம் வைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நில அளவையாளருக்கும் காட்டலாம். சட்டப்படி சிலுவையைவிட இதற்குத்தான் பெறுமதி. முகைதீன் காக்காவிடம் கொடுங்கள். வேண்டுமென்றால் வீடியோவில் அவரோடு கதைக்கிறேன்.

அங்கே வருவது மட்டும் என்னால் ஏலாது. திருநாளன்று ஊரில் எல்லோர் கையிலும் போன். நான் சிலுவையடியில் நிற்கும் படம் நான் வத்தளைக்குத் திரும்புமுன் என் சபைக்கு வந்துவிடும். உள்ளதைச் சொல்கிறேன்: அதற்குத்தான் பயம். வசனம் எல்லாம் பிறகு தேடிக்கொண்டது.

தம்பி


கல்முனை
29.08.2024

சேசு மரி சூசை

தம்பி சவேரி,

கடைசி மூன்று வரிக்காக உன்னை மதிக்கிறேன். ஆனால் அதோடு விடப்போவதில்லை.

சத்தியக்கடதாசியைச் சம்மாந்துறைக்குக் கொண்டுபோனேன். முகைதீனின் மகன் றிஸ்வான் வாசித்துக் காட்டினான். அவர் அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, மடித்து என்னிடமே தந்தார். "அண்டைக்குச் சத்தியம் பண்ணினது கடதாசியா?" என்றார். வீடியோ என்று வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

எனக்கும் பொறுமை போய்விட்டது. வெட்டு முடிந்திருந்தது. இரண்டு ஆட்களைப் பிடித்து, குடையோடு நான் நின்று, வாய்க்கால் ஓரத்து வரம்பை வெட்டி, பழைய இடத்தில் புது வரம்பு கட்டுவித்தேன். அவர் எடுக்காவிட்டால் நான் விடுகிறேன், யார் தடுப்பது என்று நினைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் என் புது வரம்பு இல்லை. பழைய வரம்பு மண்ணெல்லாம் அள்ளிப் போட்டு, அறைந்து, இருந்ததைவிட நேராகக் கட்டியிருக்கிறது. றிஸ்வான் மண்வெட்டியோடு அங்கேயே நின்றான்.

"என்ன தம்பி இது?"

"வாப்பாட ஓடர் மாமி. சத்தியம் அப்படியே இரிக்கக்குள்ள வரம்பும் அப்படியே இரிக்கோணுமாம்."

"ஒங்களுக்கு நட்டமாக்கிற வரம்ப நீங்களே கட்டுறீங்க. பைத்தியமா?"

"எனக்கும் அதான் கேக்கோணும்போல. நீங்களே வந்து அவருட்டக் கேளுங்க, எனக்கு முதுகு முறிஞ்சி போச்சி."

நான் வரம்பில் இருந்து சிரித்தேன். அந்தக் குடும்பத்தாரின் முகம் பார்த்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. பிறகு அழுகையும் வந்தது. குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டேன்.

இனிக் கேள். வெள்ளி இரவு கல்முனை பஸ் எடு. சனி காலை பஸ் டிப்போவில் நிலாந்தினி நிற்பாள். முழந்தாளிட வேண்டாம். மெழுகுதிரி கொளுத்த வேண்டாம். சிலுவையை முத்தமிடச் சொல்லவில்லை. உன் மனச்சாட்சிக்கு விரோதமானதை நான் எவரிடமும் கேட்டதில்லை. பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, அன்று நின்ற இடத்தில் நில். சொல். ஒரு வாக்கியம்: நான் இங்கே கைவைத்துச் சொன்னது பொய், அந்தத் துண்டு முகைதீனுடையது. அவ்வளவுதான். வசனம் வேண்டாம். பிரசங்கம் வேண்டாம். மைக் இருக்காது.

வராவிட்டால் அதே நேரத்தில் அதே இடத்தில் நான் நிற்பேன். என் தம்பி பொய் சொன்னான் என்று நான் சொல்வேன். முகைதீன் அதை ஏற்கமாட்டார் என்பது தெரியும். சனம் கேட்கும். இது மிரட்டல் அல்ல. திருநாள் நிகழ்ச்சி நிரலை உனக்கு அறிவிக்கிறேன்.

அக்கா


வத்தளை
20.09.2024

அன்புள்ள அக்கா,

திருநாள் முடிந்து நீங்கள்தான் என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டீர்கள். நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள், எல்லாம் பார்த்தீர்கள். ஆனாலும் நான் நின்ற இடத்தில் அது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

முப்பது வருடமாக மைக் பிடித்தவன். அன்று மைக் இல்லை. சொன்னேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. முகைதீன் காக்கா வாசலடியில் ஆட்டோவுக்குள் இருந்தார். தலையை வெளியே நீட்டி, "என்ன செல்றான்?" என்றார்.

றிஸ்வான் அவருடைய காதில் குனிந்து கத்தினான். "பொய்ச் சத்தியம் பண்ணினாராம் வாப்பா."

சனம் முழுக்கத் திரும்பியது. பந்தலில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். ஐஸ்பழக்காரனின் மணியும் நின்றுவிட்டது.

"அவனையே செல்லச் செல்லு. பலமா" என்றார் காக்கா.

நீங்கள் எழுதியிருந்தீர்கள், இரண்டாம் முறை சொல்வது வேறு என்று. அப்போது அது எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் முறை சொல்லும்போது என் கை எங்கே போனது என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் வைக்கவில்லை அக்கா. பிடிக்க ஒன்று வேண்டியிருந்தது, சிலுவை அங்கே நின்றது. அப்படித்தான் என் சபைக்குச் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. கையை எடுக்கவும் மனம் வரவில்லை.

காக்கா கேட்டுவிட்டு, "சரி. நானும் என்ட வார்த்தைய எடுத்திட்டன்" என்றார். றிஸ்வானின் முதுகில் தட்டினார். ஆட்டோ போய்விட்டது. கைகூடக் கொடுக்கவில்லை.

படம் நான் வருமுன்பே வந்துவிட்டது. மூன்று குடும்பம் சபையை விட்டுப் போய்விட்டன. ஒரு பையன் மட்டும் தனியாக வந்து, அங்கிள், நான் என் அப்பாவோடு ஒரு விஷயம் கதைக்க வேண்டும், எப்படித் தொடங்குவது என்று கேட்டான். ஞாயிறு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்தச் சாட்சியை அழித்துவிட்டேன். இனிச் சொல்ல முடியாது. அங்கே யாரும் கைதட்டவில்லை அக்கா.

தம்பி
சவேரிமுத்து


கல்முனை
17.05.2025

சேசு மரி சூசை

தம்பி சவேரிக்கு,

கையொப்பத்தைக் கவனித்தேன். அதைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை.

நில அளவையாளர் வந்து கல் போட்டுவிட்டார். பஸ்மினாவின் பெயரில் உறுதிப்பத்திரமும் எழுதி முடிந்தது. மாரிபோகத்துக்கு மழையே போதுமாக இருந்ததால் எதுவும் தெரியவில்லை. இப்போது சிறுபோகம். வாய்க்கால் அவர்களுடைய ஓரத்தில். முதல் தண்ணீர் அவர்களுக்கு. என் வயல் வெடித்துக் கிடந்தது. குத்தகைக்காரன், "அம்மா, நான் போய்க் கேக்கன்" என்றான். வேண்டாம் என்று நானே போனேன்.

வரம்பில் நின்றேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. எழுபத்தெட்டு வயதில், இந்த வாயால் எவரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை. அந்த மனிதர் இதே இடத்தில் எத்தனை போகம் நின்றிருப்பார், என்ன சொல்லிக் கேட்பார் என்று நினைத்துப் பார்த்தேன். பிறகு அதையே சொன்னேன்.

"றிஸ்வான், கொஞ்சம் தொறந்து விடுங்களன்."

"மூணு நாள் பொறுங்க மாமி, எங்கட நிறையட்டும்."

பஸ்மினா வரம்பில் சோத்துப் பெட்டியோடு இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வாப்பா நல்லரெத்தினம் மாமாட்டக் கேட்ட மாதிரியே கேக்கிறீங்க மாமி." ஓம், வேற மாதிரிக் கேட்டுப் பழக்கமில்ல மகள் என்றேன். தலை குனியவில்லை. ஆனாலும் கேட்டேன். பொறுத்திருக்கிறேன். பாதர் தந்த ஐந்து பரலோக மந்திரம் இதற்கு முன் ஒன்றுமில்லை.

திரும்பும் வழியில் முகைதீன் காக்காவைப் பார்த்தேன். இப்போது படுக்கைதான். என் தம்பியை மன்னித்துவிட்டீர்களா என்று சத்தமாகக் கேட்டேன். எனக்குப் பூசிமெழுகத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அவர் கையால் பக்கத்துக் கதிரையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னார்.

"அவன் வாக்க எடுத்தான், நானும் எடுத்தன். அது முடிஞ்சி. மன்னிக்கச் செல்லி அவன் இன்னம் கேக்கல்லயே தங்கச்சி."

ஒரு வாக்கியம் போதும் என்று நான்தான் உனக்கு எழுதினேன். அது என் பிழை. இரண்டு வேண்டியிருந்தது. உன் கொப்பியைத் திருத்திய கையால் இதையும் திருத்துகிறேன்.

வா. இந்தத் தடவை சிலுவை தேவையில்லை, திருநாள் தேவையில்லை, சனமும் தேவையில்லை. அவருடைய கட்டிலும் ஒரு கதிரையும் போதும். எப்படித் தொடங்குவது என்று அந்தப் பையன் கேட்டானே, அவனையும் கூட்டிக்கொண்டு வா.

கேட்பது எப்படி என்று எனக்கு இப்போது தெரியும். காட்டித் தருகிறேன்.

உன் அக்கா
செலஸ்ரீனா நல்லரெத்தினம்